777 போட்டா வேலை செய்யுது, அப்படியே விட்டுடலாமா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரத்துக்கு வேற ஒரு தலைப்பு வச்சிருந்தேன், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். காரணம், கொல்லிமலை திருப்புலி நாட்டுல இருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ்.

கொல்லிமலை போகாதவங்களுக்கு ஒரு வரி. நாமக்கல் மாவட்டம், 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா மலை. மேல இருக்கிற ஊர்களை 14 நாடுகளாச் சொல்வாங்க, திருப்புலி நாடு அதுல ஒண்ணு. மிளகு, காபி, பலா, அன்னாசி, சாமை, தினை எல்லாம் விளையுற இடம். தம்பி சொன்னது இதுதான்: "அக்கா, எங்க வீட்டு மிளகு, காபி, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க சரக்கு எல்லாம் சேர்த்து விக்க ஒரு வெப்சைட் போட்டிருக்கேன். மாச வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், உபுண்டு, அதுல வேர்ட்பிரஸ். போட்டோ அப்லோடு பண்ணா 'பர்மிஷன் டினைடு'ன்னு வந்துச்சு. ஒரு வீடியோ பார்த்து மொத்த ஃபோல்டருக்கும் 777 குடுத்தேன். உடனே வேலை செஞ்சுது. ரெண்டு மாசம் ஆச்சு. அப்படியே விட்டுடலாமா?"

விடக் கூடாது. ஆனா இதை ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு இல்ல. "777 தப்பு, 755 போடு"ன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. 755 போட்டா மறுபடி போட்டோ ஏறாது, தம்பி மறுபடி 777க்கே போவார். அது ஏன் வேலை செஞ்சுதுங்கிற இடத்துல இருந்து தொடங்கினாத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர முடியும்.

சர்வர்ல யார் யார் இருக்காங்க?

தம்பியோட சர்வர்ல மனுஷங்கன்னு பார்த்தா அவர் ஒருத்தர்தான். ஆனா லினக்ஸ் கணக்குல அங்க ஒரு சின்னக் கிராமமே இருக்கு. முதல்ல ரூட். அவருக்கு எந்தக் கதவும் தடை இல்ல. அடுத்தது தம்பி லாகின் பண்ற யூசர். அப்புறம் டேட்டாபேஸுக்கு ஒரு யூசர், மெயிலுக்கு ஒரு யூசர். கடைசியா நம்ம கதாநாயகன், வெப் சர்வர் ஓடுற யூசர். உபுண்டு, டெபியன்ல இவர் பேரு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா, நம்பர் 33. சொல்லும்போது நாக்கு சுளுக்குது, அதனால 'வெப் யூசர்'னே கூப்பிடுறேன். ரெட் ஹேட் வகையில இவர் பேரு அப்பாச்சின்னோ என்ஜின்எக்ஸ்னோ இருக்கும்.

இவர் எதுக்குத் தனியா? இணையத்துல இருந்து யார் என்ன அனுப்பினாலும் முதல்ல வாங்கிப் பார்க்கிறது இவர்தான். வாசல்ல நிக்கிற ஆள். வாசல்ல நிக்கிறவர் கையில வீட்டுச் சாவிக் கொத்தைக் கொடுக்க மாட்டோம் இல்லையா? 80, 443ங்கிற போர்ட்டைத் திறக்க வழக்கமா ரூட் அதிகாரம் வேணும். அதனால வெப் சர்வர் ரூட்டா எழுந்திருக்கும், போர்ட்டைத் திறக்கும், உடனே உண்மையான வேலையை எல்லாம் இந்த அதிகாரம் குறைஞ்ச யூசர்கிட்ட ஒப்படைச்சிடும். பிஎச்பி ஓடுறதும் இவர் பேர்லதான். அதாவது நீங்க பிரவுசர்ல இருந்து வேர்ட்பிரஸ் அட்மினா உள்ள வந்து, நீங்களே ஒரு போட்டோவை ஏத்தினாலும், டிஸ்க்ல அதை எழுதப் போறது நீங்க இல்ல, வெப் யூசர்தான்.

குழப்பம் முக்காவாசி இங்கதான். தம்பி ஃபைல்களைத் தன் லாகின்ல இருந்து சர்வருக்கு அனுப்பினார், அதனால ஓனர் தம்பி. வேர்ட்பிரஸ் ஓடுறது வெப் யூசரா. 'என் சைட், என் ஃபோல்டர், எனக்கே பர்மிஷன் இல்லையா'ன்னு அவருக்குக் கோபம் வந்திருக்கும். லினக்ஸைக் கேட்டா, வந்து கேட்டது நீ இல்லப்பா, வேற ஆள்னு சொல்லும்.

வீட்டுக்காரர், நாட்டுக்காரர், வெளியாள்

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஓனர், ஒரு குரூப். இந்த ரெண்டுலயும் சேராதவங்க எல்லாரும் 'அதர்ஸ்'. மலையில சொல்ற மாதிரி சொன்னா, வீட்டுக்காரர், நாட்டுக்காரர், வெளியாள். மூணு பேருக்கும் மூணு இலக்கம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டிக்கங்க. 7 எல்லாம் முடியும், 6 படிக்கலாம் எழுதலாம், 5 படிக்கலாம் இயக்கலாம், 4 படிக்க மட்டும். 755ன்னா வீட்டுக்காரருக்கு எல்லாம் உண்டு, மத்த ரெண்டு வகைக்கும் படிக்க, இயக்க மட்டும்.

கொஞ்சம் பழைய கதை. 1971 நவம்பர்ல வந்த யூனிக்ஸோட முதல் கையேட்டிலேயே சிஎச்மாட், சிஎச்ஓன் ரெண்டு கட்டளையும் இருக்கு. அப்ப ஓனர், ஓனர் இல்லாதவர்னு ரெண்டே வகை. குரூப் பின்னாடிதான் வந்து சேர்ந்தது. ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டு வேலை செஞ்ச காலத்துக்காகப் போட்ட ஏற்பாடு இது. அம்பது வருஷம் கழிச்சு, ஒரே ஆள் வாடகைக்கு எடுக்கிற சர்வர்லயும் அதே ஏற்பாடுதான் காவலுக்கு நிக்குது. 2011ல இருந்து தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருந்தது ஞாபகம் இருக்கா? சென்னை சி-டாக் உருவாக்கினது. உங்கள்ல சில பேர் அதைத் திறந்து பார்க்காமலே விட்டிருப்பீங்க. அதுக்குள்ளயும் இதே மூணு இலக்கம்தான்.

ரெண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. முதல் விஷயம், லினக்ஸ் மூணு வரிசையையும் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்காது. நீங்க ஓனரா? அப்ப ஓனர் இலக்கம் மட்டும்தான் உங்களுக்கு. ஓனருக்கு 0, வெளியாளுக்கு 7ன்னு போட்டா ஊரே உள்ள போகலாம், வீட்டுக்காரர் வாசல்ல நிக்கணும். யாரும் அப்படிப் போட மாட்டாங்க, ஆனா விதி அதுதான்.

ரெண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். ஃபோல்டருக்கு இந்த இலக்கங்களோட அர்த்தமே வேற. ஃபோல்டர்ல 'படி'ன்னா உள்ள என்னென்ன பேர் இருக்குன்னு பட்டியல் பார்க்கலாம். 'இயக்கு'ன்னா அந்த ஃபோல்டர் வழியா நடந்து உள்ள போகலாம். 'எழுது'ன்னா அதுக்குள்ள புதுசா ஃபைல் போடலாம், இருக்கிறதை அழிக்கலாம், பேர் மாத்தலாம். (எழுதறதுக்கும் கூடவே அந்த 'இயக்கு' வேணும்.) இப்ப யோசிங்க: ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைல் மேல அதிகாரம் வேண்டாம், அது இருக்கிற ஃபோல்டர் மேல இருந்தாப் போதும். ரூட்டுக்குச் சொந்தமான, யாரும் தொட முடியாத ஒரு ஃபைலை, எழுதும் அனுமதி திறந்திருக்கிற ஃபோல்டர்ல வச்சா, வெப் யூசர் அதை அழிச்சிட்டு அதே பேர்ல தன்னோட ஃபைலை வைக்க முடியும். பெட்டியைப் பூட்டிட்டு அறையைத் திறந்து வச்ச கதை. பெட்டியோடவே தூக்கிட்டுப் போயிடலாம்.

அந்த 'நடந்து போற' அனுமதி இன்னொரு பிரச்னைக்கும் காரணம். சைட்டைத் தன்னோட ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சிட்டு, உள்ள இருக்கிற ஃபைலுக்கு எல்லா அனுமதியும் கொடுத்தும் '403 ஃபர்பிடன்' வருதுன்னு புலம்புறவங்க நிறைய பேர். உபுண்டு 21.04ல இருந்து புதுசா உருவாகுற ஹோம் ஃபோல்டர் 750. வெப் யூசர் வெளியாள், அவருக்கு 0. மெயின் கேட்டே பூட்டியிருக்கும்போது உள்ளறைக் கதவைத் திறந்து வச்சு என்ன பிரயோஜனம்? 'நேம்-ஐ மைனஸ் எல்'னு அடிச்சு, கூடவே ஃபைலோட முழுப் பாதையையும் கொடுங்க. வழியில இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரோட ஓனர், குரூப், அனுமதி எல்லாம் வரிசையா வரும். எந்தக் கேட் பூட்டியிருக்குன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும்.

இப்ப 777 ஏன் வேலை செஞ்சுதுன்னு புரிஞ்சிருக்கும். வெப் யூசர் வெளியாளா வந்தார், வெளியாளுக்கும் 7ன்னு சொல்லிட்டோம், உள்ள போயிட்டார். அவரோட சேர்ந்து அந்த சர்வர்ல ஓடுற எல்லாருக்கும் அதே 7.

"ஆனா சர்வர்ல நான் மட்டும்தானே?"

இந்தக் கேள்வி நியாயமானது. இதுக்கு ரெண்டு பழைய சம்பவம் பதில் சொல்லும்.

முதல்ல 2010 ஏப்ரல். அமெரிக்காவுல நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்னு ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனம். அங்க இருந்த நிறைய வேர்ட்பிரஸ் சைட்கள் ஒரே நேரத்துல பாழாச்சு. டேட்டாபேஸ்ல சைட்டோட முகவரி இருக்கிற இடத்துல, வேற தளத்துல இருந்து எதையோ இழுத்து வர்ற கோடு உட்கார்ந்திருந்தது. வேர்ட்பிரஸ்ல ஓட்டைன்னுதான் முதல்ல பேச்சு கிளம்புச்சு. உண்மையில டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதியிருக்கிற 'டபிள்யூபி-கான்ஃபிக்' ஃபைலை அதே சர்வர்ல இடம் வாங்கியிருந்த மத்தவங்களும் படிக்க முடிஞ்சது. கடைசி இலக்கம் பூஜ்யமா இல்ல, அவ்வளவுதான். ஒருத்தர் உள்ள இருந்துகிட்டே அக்கம்பக்கத்து வீட்டு பாஸ்வேர்டை எல்லாம் வாசிச்சிட்டார். வேர்ட்பிரஸை உருவாக்கின மேட் முல்லன்வெக் அப்ப ஒரு பதிவு எழுதினார். அதோட தலைப்பே, பாதுகாப்பான ஃபைல் பர்மிஷன் முக்கியம்ங்கிறதுதான்.

அது பல பேர் தங்கின வீடு. தம்பியோடது தனி வீடு. அதுக்கு ரெண்டாவது சம்பவம், 2011 ஆகஸ்ட், டிம்தம்ப்.

டிம்தம்ப்ங்கிறது போட்டோ அளவைச் சுருக்கித் தர்ற ஒரே ஒரு சின்ன பிஎச்பி ஃபைல். எத்தனையோ வேர்ட்பிரஸ் தீம்கள்ல அது கூடவே வரும். தன்னோட சைட்ல அது இருக்குன்னு பல பேருக்குத் தெரியவே தெரியாது. வெளித் தளத்துல இருக்கிற போட்டோவையும் இழுத்து வந்து சுருக்கும். பிளாகர், ஃப்ளிக்கர் மாதிரி நம்பகமான சில தளங்கள்ல இருந்து மட்டும்னு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆனா அதைச் சரிபார்த்த விதம்தான் வேடிக்கை: முகவரியில அந்தப் பேர் எங்கயாவது வந்தாப் போதும். அப்ப 'பிளாகர் டாட் காம் டாட்' போட்டு, அதுக்குப் பின்னாடி தன்னோட டொமைன் பேரை ஒருத்தன் ஒட்டினா? உள்ள விட்டுடும். இழுத்து வந்த ஃபைலை சைட்டோட ஃபோல்டருக்குள்ளயே இருக்கிற 'கேஷ்'ல சேமிக்கும். அந்தக் கேஷ் வெப் யூசரால எழுதக்கூடியதா இருந்தே ஆகணும், அதனால 777 போடுங்கன்னு தீமோட வந்த குறிப்புலயே இருக்கும். போட்டோவுக்குப் பதிலா பிஎச்பி ஃபைலை அனுப்பினாங்க, கேஷ்ல விழுந்துச்சு, பிரவுசர்ல அந்த முகவரியைத் தட்டினா சர்வர்ல ஓடுச்சு. மார்க் மாண்டர்ங்கிறவர் தன்னோட சைட்டே இப்படித் தாக்கப்பட்டதுக்கு அப்புறம் தோண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சார்.

கவனிச்சீங்களா, இங்க சர்வருக்குள்ள வேற மனுஷன் யாரும் இல்ல. வெளியில இருந்து வந்தவன் வெப் யூசரோட சட்டையைப் போட்டுக்கிட்டான். எந்த ப்ளக்-இன்ல ஓட்டை விழுந்தாலும் இதுதான் நடக்கும். உள்ள வர்றவன் வெப் யூசராத்தான் வருவான். அதனால எப்பவும் கேட்க வேண்டிய கேள்வி, வெப் யூசரால இங்க என்னென்ன செய்ய முடியும்? 777 போட்ட சைட்ல அவனால முதல் பக்கத்தோட கோடையே மாத்தி எழுத முடியும், தீமுக்குள்ள ஒரு பின்வாசலைச் செருகி வைக்க முடியும். நீங்க ஓட்டை ப்ளக்-இன்னை அப்டேட் பண்ணி அடைச்ச பிறகும் அந்தப் பின்வாசல் அப்படியே இருக்கும். கோடு ஃபைல்களை வெப் யூசர் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாதுன்னு இருந்தா, அதே ஓட்டை வழியா வந்தவனுக்கு வேலை பல மடங்கு கஷ்டம்.

தம்பியோட சைட்ல என்ன இருக்கு? மிளகு வாங்கினவங்களோட பேர், போன் நம்பர், வீட்டு முகவரி. 'எங்க சைட்ல திருட என்ன இருக்கு'ன்னு சின்ன சைட் வச்சிருக்கிற எல்லாரும் கேட்பாங்க. இதுதான் இருக்கு.

ஓனர் யாருங்கிறது நம்பரை விடப் பெரிசு

இங்கதான் பெரும்பாலான வீடியோக்கள் ரெண்டாவது தடவை வழி மாத்தி விடும். "777 வேண்டாம், மொத்த ஃபோல்டருக்கும் வெப் யூசரையே ஓனரா ஆக்கிடு, 755 போதும்"னு சொல்வாங்க. பார்க்க அழகா இருக்கும். ஆனா ஓனருக்கு 7. வெப் யூசர்தான் ஓனர். அப்ப உள்ள புகுந்தவனுக்கும் 7. சரி, 444ன்னு போட்டு எழுத முடியாம ஆக்கினா? ஓனருக்குத் தன் ஃபைலோட அனுமதியை மாத்துற உரிமை எப்பவும் உண்டு. அவனே சிஎச்மாட் அடிச்சுத் திறந்துக்குவான். இலக்கம் ஒரு பூட்டுன்னா, ஓனர்ங்கிறவர் பூட்டையே மாத்தக்கூடியவர்.

சரி, தம்பிக்கு நான் சொன்ன ஏற்பாடு. கோடு முழுக்க ஓனர் தம்பியோட லாகின் யூசர், குரூப் வெப் யூசரோட குரூப். ஃபோல்டர்களுக்கு 750, ஃபைல்களுக்கு 640. தம்பி எழுதலாம், வெப் யூசர் படிக்கலாம், வெளியாளுக்கு ஒண்ணும் இல்ல. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலும் இந்த 640லயே பத்திரமா உட்கார்ந்திடும். நீங்க வேர்ட்பிரஸுக்குப் பதிலா லாராவெல், ஜாங்கோன்னு எழுதுறவங்களா இருந்தா, உங்க 'டாட் என்வ்' ஃபைலுக்கும் இதே கணக்குதான்.

'அப்லோட்ஸ்' ஃபோல்டர் மட்டும் விதிவிலக்கு. அங்க வெப் யூசர் எழுதணும். அதனால அதுக்கு 2770. முன்னாடி இருக்கிற 2 என்னன்னா, அந்த ஃபோல்டருக்குள்ள யார் புது ஃபைல் போட்டாலும், போட்டவரோட குரூப் ஒட்டாம ஃபோல்டரோட குரூப்பே ஒட்டும். தம்பி போட்டதும் வெப் யூசர் போட்டதும் ஒரே குரூப்ல நிக்கும். தம்பியையும் அந்தக் குரூப்ல சேர்த்துடணும். சேர்த்ததும் வேலை செய்யலையேன்னு பதறாதீங்க, லாக்அவுட் பண்ணித் திரும்ப லாகின் பண்ணாத்தான் புது குரூப் எடுக்கும். இதுக்கு நேர்மாறா, வெப் யூசரைக் கொண்டுபோய் சூடோ குரூப்ல சேர்க்கிறதை மட்டும் செஞ்சிடாதீங்க. சில வீடியோக்கள்ல அதுவும் வருது.

அப்புறம், எழுத முடிகிற அந்த ஒரே ஃபோல்டர்ல பிஎச்பி ஓடக் கூடாதுன்னு அப்பாச்சியிலயோ என்ஜின்எக்ஸ்லயோ ஒரு விதி எழுதணும். டிம்தம்ப் கதையில விஷம் விழுந்தது எழுத முடிகிற ஃபோல்டர்ல. எழுதவும் முடிஞ்சது, ஓடவும் முடிஞ்சது, அதான் வினை. எந்த ஃபோல்டரா இருந்தாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும். ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கப் போறீங்கன்னா இதை வச்சுக்கங்க.

இதுக்கு ஒரு விலை இருக்கு, அதையும் சொல்லிடறேன். வேர்ட்பிரஸ் 3.7ல இருந்து, அதாவது 2013 அக்டோபர்ல இருந்து, சின்னச் சின்ன பாதுகாப்பு அப்டேட்களைத் தானாவே போட்டுக்குது. கோடை வெப் யூசர் எழுத முடியாதுன்னா அது நடக்காது. ப்ளக்-இன் போடப் போனா எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கும். அது ஏன் கேட்குதுன்னா, ஓடுற யூசரும் ஃபைலோட ஓனரும் ஒரே ஆளான்னு வேர்ட்பிரஸ் சோதிச்சுப் பார்க்குது. இல்லன்னதும் வேற வழியில உள்ள போகப் பார்க்குது. இந்தக் கேள்வி எரிச்சலாகித்தான் நிறைய பேர் ஓனரை மாத்திடறாங்க.

என் கருத்து: மாசத்துல ரெண்டு தடவையாவது சர்வருக்குள்ள போய்ப் பார்க்கிற ஆளா இருந்தா, கோடைப் பூட்டி வச்சு, 'டபிள்யூபி சிஎல்ஐ' வச்சு உங்க லாகின்ல இருந்து அப்டேட் பண்ணுங்க. அதையே க்ரான்ல போட்டு தினமும் ஓட விடலாம். யாரும் எட்டிப் பார்க்கப் போறதில்லன்னா, தானா அப்டேட் ஆகுற சைட்தான் மேல். பூட்டின ஆனா ஒரு வருஷமா அப்டேட் ஆகாத சைட்டை விட, திறந்த ஆனா தினமும் அப்டேட் ஆகுற சைட் எனக்குப் பயம் குறைவு. அப்பவும் ஓனரை மட்டும் மாத்தினாப் போதும், 777 வேண்டியதில்ல. பாதுகாப்பு ஆட்கள் சிலருக்கு நான் இப்படிச் சொல்றது பிடிக்காது. பரவாயில்ல. ஆனா பேக்கப் வேற இடத்துல இருக்கணும், அதுல பேரம் கிடையாது.

சரி பண்ணும்போது வீட்டை இடிச்சிடாதீங்க

777ஐத் திருப்பி எடுக்கிற உற்சாகத்துல மொத்தத்துக்கும் 640 அடிச்சா, ஃபோல்டர்களோட 'நடந்து போற' அனுமதியும் போய் சைட் படுத்துடும். ஃபோல்டர் தனியா, ஃபைல் தனியா 'ஃபைண்ட்' கட்டளையால தேடி அடிக்கணும். இல்லன்னா சிஎச்மாட்ல பெரிய எக்ஸ் போடலாம். ஃபோல்டருக்கும், ஏற்கெனவே இயக்க அனுமதி இருக்கிற ஃபைலுக்கும் மட்டும் அது 'இயக்கு' கொடுக்கும். ஆனா ஏற்கெனவே எல்லாம் 777ஆ கிடக்கிற இடத்துல பெரிய எக்ஸ் உதவாது, எல்லா ஃபைல்லயும்தான் இயக்க அனுமதி இருக்கே. அதனால தம்பிக்கு 'ஃபைண்ட்'தான்.

எந்த ஃபோல்டர்ல நின்னுகிட்டு அடிக்கிறோம்னு ரெண்டு தடவை பாருங்க. ஹோம் ஃபோல்டருக்கு 777 விழுந்தா, எஸ்எஸ்எச் சர்வர் உங்க சாவியை நம்ப மறுத்துடும். யார் வேணும்னாலும் எழுதக்கூடிய இடத்துல இருக்கிற சாவி யாரோடதுன்னு எப்படி நம்புறதுங்கிறது அதோட நியாயம். சாவி வச்சு மட்டுமே லாகின் பண்றவங்க வெளிய நிக்க வேண்டியதுதான். ஹோஸ்டிங்காரங்க பக்கத்துல இருக்கிற கன்சோல் வழியாத்தான் திரும்ப உள்ள போக முடியும்.

ஒரு ஸ்லாஷ் கூடி மொத்த சர்வருக்கும் 777 போயிட்டா இன்னும் மோசம், சூடோவே செத்துடும். சூடோ ஃபைல்ல, யார் இயக்கினாலும் ரூட் அதிகாரத்தோட ஓடட்டும்னு ஒரு தனிக் குறி இருக்கும். டென்னிஸ் ரிச்சியோட யோசனை அது. 1973ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு 1979ல வாங்கினாங்க. மூணு இலக்கத்தை அந்த ஃபைல் மேல அடிச்சதும் அந்தக் குறி அழிஞ்சிடும். அதைச் சரி பண்ண ரூட் வேணும், ரூட்டாகிறதுக்குச் சூடோ வேணும். அந்த நிலைமையில ஒவ்வொண்ணா ஒட்டுப் போடுறதை விட, பேக்கப்ல இருந்து புது சர்வர் எழுப்புறதுதான் சீக்கிரம் முடியும்.

ரெட் ஹேட் வகைக்காரங்களுக்கு ஒரு வரி: இலக்கம் எல்லாம் சரி, அப்பவும் 403னா எஸ்ஈ-லினக்ஸ் தடுக்கிறதா இருக்கலாம். அதை மொத்தமா அணைக்கிறது 777 போடுறதோட அண்ணன். டாக்கர் பயன்படுத்துறவங்களுக்கும் ஒரு வரி: கன்டெய்னருக்குள்ளயும் வெளியிலயும் ஒத்துப் போக வேண்டியது யூசரோட பேர் இல்ல, நம்பர்.

இனி, ரெண்டு மாசம் திறந்து கிடந்த சைட்டைப் பூட்டினாப் போதுமா? உள்ள ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருந்தா அவனையும் சேர்த்துத்தான் பூட்டுறோம். அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள்ள பிஎச்பி ஃபைல் ஏதாவது இருக்கான்னு தேடுங்க. போட்டோ இருக்க வேண்டிய இடத்துல அதுக்கு வேலையே இல்ல. (உள்ள ஒண்ணுமே எழுதாத 'இன்டெக்ஸ்' ஃபைலைச் சில ப்ளக்-இன்கள் போட்டு வைக்கும், திறந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.) டபிள்யூபி சிஎல்ஐல 'கோர் வெரிஃபை செக்சம்ஸ்'னு ஒரு கட்டளை இருக்கு, வேர்ட்பிரஸோட அசல் ஃபைல்களோட உங்க ஃபைல்களை ஒப்பிட்டு எது மாறியிருக்குன்னு சொல்லும். வேர்ட்பிரஸ் தளத்துல இருந்து எடுத்த ப்ளக்-இன்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஃபைலோட தேதியை மட்டும் நம்பாதீங்க, தேதியை மாத்தி எழுதுறது ரொம்ப சுலபம். முடிச்சதும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்திடுங்க.

இந்த இலக்கங்களால தடுக்க முடியாத ஒண்ணு

கடைசியா ஒரு விஷயம். இதைத் தம்பி கேட்கல. ஃபைல் பர்மிஷன் பார்க்கிறது சர்வருக்குள்ள இருக்கிற யூசரைத்தான். பிரவுசர்ல வர்றவர் யாருன்னு அதுக்குத் தெரியாது. வெப் யூசரால படிக்க முடிஞ்ச ஃபைல் சைட்டோட ஃபோல்டருக்குள்ள இருந்தா, அதன் முகவரி தெரிஞ்ச யாருக்கும் வெப் சர்வர் எடுத்துக் கொடுத்துடும். பிஎச்பியா இருந்தா ஓட்டிட்டு விடையை மட்டும் கொடுக்கும், எக்செல், சிஎஸ்வி, டேட்டாபேஸ் பேக்கப்னா அப்படியே முழுசா.

2017 மே மாசம், பெங்களூர்ல இருக்கிற சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. ஓய்வூதியம், நூறு நாள் வேலை மாதிரி திட்டங்களோட நாலு அரசுத் தளங்கள்ல, 13 கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்களும் சுமார் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் யார் வேணும்னாலும் பார்க்கிற மாதிரி கிடந்திருக்கலாம்னு கணக்குப் போட்டாங்க. அங்க யாரும் எதையும் உடைச்சு உள்ள போகல. பக்கங்கள் பொதுவுல திறந்திருந்தன, அவ்வளவுதான். முதியோர் ஓய்வூதியம் வாங்குற ஒரு பாட்டிக்குத் தன் கணக்கு எண் இணையத்துல கிடக்கிறது எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட இடத்துல 640 போட்டாலும் 400 போட்டாலும் ஒண்ணுதான், வெப் யூசருக்குப் படிக்க அனுமதி இருக்கிறவரைக்கும்.

தம்பிகிட்ட திருப்பிக் கேட்டேன், ஆர்டர் விவரத்தை எப்படி எடுக்கிறீங்கன்னு. வாராவாரம் ஒரு ப்ளக்-இன் சிஎஸ்வியா எடுத்து அப்லோட்ஸுக்குள்ள வைக்குதாம், அதை இறக்கிப் பார்த்துப் பார்சல் கட்டுவாராம். நீங்களும் இப்படி ஏதாவது வச்சிருந்தா, லாகின் இல்லாத ஒரு பிரவுசர்ல, இன்காக்னிட்டோல, அந்த ஃபைலோட முழு முகவரியைத் தட்டிப் பாருங்க. இறங்குச்சுன்னா, சைட் ஃபோல்டருக்கு வெளிய, ஒரு படி மேல வேற ஃபோல்டர் திறந்து அங்க எழுதுற மாதிரி ப்ளக்-இன் செட்டிங்கை மாத்துங்க. அந்த ஃபோல்டருக்கும் 2770 போதும். பழைய சிஎஸ்வி எல்லாத்தையும் அழிச்சிட்டு, வெப் சர்வரோட ஆக்சஸ் லாக்ல அந்த ஃபைல் பேரைத் தேடிப் பாருங்க. உங்களைத் தவிர வேற ஐபி முகவரி ஏதாவது அதை இறக்கியிருக்கான்னு லாக் எவ்வளவு நாளுக்கு இருக்கோ அவ்வளவு நாளுக்குத் தெரியும். உபுண்டுவுல பழைய லாக்கை வழக்கமா ரெண்டு வாரம் போல மட்டுமே வச்சிருக்கும், அதனால இதை இன்னைக்கே பாருங்க.